அச்சுக்கூடமும் நம் சொல்லும்
(‘பறையன்’ இதழ் தொடங்கி இந்நாள் வரை ஒரு வரலாற்று நோக்கு)

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலருக்குக் கட்டுரை தருமாறு விழாக் குழுவினர் கேட்டபோது, கல்வியின் சிறப்பைக் குறித்துப் பலரும் எழுதுவர் என்று எண்ணினோம். ஆதலின், கற்ற எழுத்தை அச்சில் ஏற்றுவதற்கு நம் முன்னோர் பட்ட பாட்டை எழுதத் துணிந்தோம். எழுத்தறிவு பெற்றவன் எதையேனும் படித்தே தீருவான். அவன் படிப்பது யார் அச்சிட்டது, யார் முதல் போட்டது, எந்தச் சட்டத்தின் காவலில் வெளிவந்தது என்னும் வினாக்கள் பள்ளிப் பாடப்புத்தகத்தில் இல்லை. நம் இளைஞர்கள் அவற்றை அறிந்திருத்தல் வேண்டும்.

இவ்வரலாற்றின் தொடக்கத்தைத் தேடி நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அது நம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே கிடைக்கிறது. 1891-ஆம் ஆண்டில் இம்மாவட்டத்தின் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் துரை, இங்குள்ள நம் மக்களின் வறுமை, நிலமின்மை, குடியிருப்பு மனைக்கும் பிறர் தயவை நாடி நிற்கும் நிலை ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்து சென்னை அரசாங்கத்திற்கு அறிக்கை விடுத்தார். செங்கல்பட்டில் தொண்டாற்றிய ஆடம் ஆண்ட்ரூ போன்ற பாதிரிமாரும் அதே குறைகளை எடுத்துச் சொல்லி வந்தனர். 1892 செப்டம்பர் 30-ஆம் நாள் பிறந்த அரசாணையும், அதன்வழி வந்த பஞ்சமி நிலங்களும் நாம் அறிந்தவை. இவற்றில் நாம் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நம் பசியைச் சொன்னவர் கலெக்டர். நம் குறையை எழுதியவர் பாதிரியார். மறுத்து எழுதியவர் மிராசுதார். பேசப்பட்ட பொருள் நாமாக இருந்தோம், பேசியவர் நாமல்லர்.

அவ்வரசாணை பிறந்து ஓராண்டு கழிந்தவுடன், 1893 அக்டோபர் மாதத்தில், சென்னையில் ஒரு தமிழ்ப் பத்திரிகை வெளிவந்தது. நான்கு பக்கம், விலை இரண்டணா, பெயர் ‘பறையன்’. அதனை நடத்தியவர் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள். பின்னாளில் 1930-ஆம் ஆண்டு இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்த அதே பெருமகனார்தாம். மேலோர் வாயில் வசையாக வழங்கிய சொல்லைத் தலைப்பில் பெரிய எழுத்தில் அச்சிட்டு இரண்டணாவிற்கு விற்பது அந்நாளில் எளிய செயலன்று. பெயரை மறைத்துக்கொண்டு உரிமை கேட்பவனுக்கு உரிமை கிட்டாது என்பது அன்னாரின் உறுதியான கருத்து. தொடக்கத்தில் மாத இதழாக இருந்த ‘பறையன்’ சில மாதங்களிலேயே வார இதழாயிற்று.

இதழ் தோன்றிய அதே ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் நம்மவர் சென்னையில் பெருங்கூட்டம் ஒன்று கூட்டினர். இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இங்கிலாந்தில் நடத்துவதுபோலவே இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்று காங்கிரஸ் மகாசபை கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அவ்வாறு நடத்தினால் ஆட்சிப் பொறுப்பு முழுவதும் மேல்சாதியார் கைக்கே போய்ச் சேரும் என்று அஞ்சி, 3412 பேர் கையெழுத்திட்ட விண்ணப்பம் ஒன்று பிரிட்டிஷ் பாராளுமன்றத்திற்கு அனுப்பப்பட்டது. அக்கருத்து சரியா தவறா என்று வாதிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. தேசியப் பத்திரிகைகள் ‘இந்திய மக்கள் அனைவரின் கோரிக்கை’ என்று எழுதிய ஒன்றினுக்கு மாறாக 3412 பேர் கையொப்பமிட்டனர் என்பதும், அவர்கள் பக்கத்து நியாயத்தைத் தமிழில் எடுத்துரைக்க ஒரு சொந்த இதழ் இருந்தது என்பதுமே நமக்கு வேண்டிய செய்தி.

இனிச் சட்டத்திற்கு வருவோம். 1867-ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டப்படி, அச்சுக்கூடம் வைத்திருப்பவரும் பத்திரிகை வெளியிடுபவரும் மாஜிஸ்திரேட் முன்னிலையில் உறுதிமொழி தரவேண்டும். ஒவ்வொரு படியிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் ஊரும் பொறிக்கப்படவேண்டும். பார்வைக்குச் சாதுவான சட்டந்தான். ஆனால் எழுதியவன் யாரென்று தேடாமலே வழக்குத் தொடுக்க வேண்டிய ஆளைக் கையில் பிடித்துக் கொடுக்கும் சட்டமும் அதுவே. 1896-ஆம் ஆண்டில் ‘பறையன்’ இதழுக்கு அது நேர்ந்தது. ஆசிரியர்க்கு வந்த கடிதம் ஒன்றைச் சாக்காகக் கொண்டு வழக்குத் தொடரப்பட்டது. சீனிவாசன் அவர்கள் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். நூறு ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது.

நூறு ரூபாய் என்பதை இன்றைய கண்ணால் பார்த்தல் கூடாது. இதழின் விலை இரண்டணா என்றால் ரூபாய்க்கு எட்டுப் படிகள். நூறு ரூபாய்க்கு எண்ணூறு படிகள். காகிதக் கூலியும் அச்சுக் கூலியும் கழிக்காமல், விற்ற காசு முழுவதையும் அப்படியே எடுத்துக் கொடுத்தாலும் எண்ணூறு இதழ் விற்றாக வேண்டும். செல்வர் நடத்தும் பத்திரிகைக்கு நூறு ரூபாய் ஒரு வழக்குச் செலவு. ஏழை நடத்தும் பத்திரிகைக்கு அதுவே உயிர்நிலை. சட்டத்தின் எழுத்து இருவர்க்கும் ஒன்றுதான்; அது இறங்கும் இடம் வேறு. அந்த அடியையும் தாங்கிக்கொண்டு ‘பறையன்’ 1900-ஆம் ஆண்டு வரை, ஏழாண்டுக் காலம் நடந்தது. அவ்வாண்டு சீனிவாசன் அவர்கள் கடல் கடந்து சென்றார்; இதழ் நின்றது.

‘பறையன்’ முதல் இதழ் என்று சிலர் மேடையில் முழங்குவதுண்டு. அது பிழை. 1869-இல் ‘சூரியோதயம்’, 1871-இல் ‘பஞ்சமன்’, 1885-இல் ஜான் இரத்தினம் அவர்களின் ‘திராவிட பாண்டியன்’, 1886-இல் ‘மகாவிகட தூதன்’ என ஒரு வரிசையே அதற்கு முன்பு இருந்தது. இந்நெடிய வரிசையை ஆராய்ந்து, ‘சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை’ என்னும் நூலாக ஜெ. பாலசுப்பிரமணியம் அவர்கள் 2017-இல் வெளியிட்டுள்ளார். 1869 முதல் 1943 வரை வெளிவந்த நம் இதழ்களின் வரலாறு அது. நம் இளைஞர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய நூல்.

இவ்வரிசையில் நெடுங்காலம் ஒளிவீசியது பண்டிதர் அயோத்திதாசரின் இதழ். 1907 சூன் 19, புதன்கிழமையன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளிவந்தது. ஓராண்டு கழிந்தபின் ‘தமிழன்’ என்று பெயர் சுருங்கிற்று. 1914 மே மாதம் பண்டிதர் மறையும்வரை வாரந்தோறும் தமிழ் இலக்கியம், பௌத்தம், மருத்துவம், உழவு, நாட்டு நடப்பு என அவர் எழுதிக் குவித்தது பெருங்கடல். விலையையே பெயரில் வைத்த துணிவை நோக்குக. ரூபாய்க்கு அறுபத்து நான்கு பைசா. ஆகவே ரூபாய்க்கு அறுபத்து நான்கு இதழ். கூலிக்காரனும் வாங்கலாம்.

பண்டிதரும் சீனிவாசன் அவர்களும் உறவினர். பண்டிதர் மணந்தது சீனிவாசன் அவர்களின் சகோதரியை. ஆயினும் கருத்தில் இருவரும் ஒருவரல்லர். ஒருவர் இழிபெயரையே கொடியாக உயர்த்தினார். மற்றவரோ அப்பெயர் பகைவர் இட்ட பெயர், நாம் பூர்வ பௌத்தர், ஆதித்தமிழர் என்று அதனை அடியோடு மறுத்தார். ஒரே குடும்பத்தில், ஒரே நகரில், இரண்டு கொள்கைகள், இரண்டு இதழ்கள்! ‘தாழ்த்தப்பட்டோர் கருத்து’ என்று ஒன்றே ஒன்று இருப்பதாக இன்றும் செய்தியாளர் சிலர் கருதுகின்றனர். நம்முள் ஒருவரை அழைத்து ஒரு வாக்கியம் பேசச் செய்துவிட்டால் கடமை முடிந்ததென்று எண்ணுகின்றனர். நூறாண்டுக்கு முன்பே நம் பெரியோர் தம்முள் வாதிட்டு வளர்ந்தனர் என்பதற்கு இவ்விரு இதழ்களே சான்று.

1910-இல் வந்த இந்தியப் பத்திரிகைச் சட்டம் வேறொரு பூட்டைப் பூட்டிற்று. புதிதாக அச்சுக்கூடம் வைப்போர் 500 ரூபாய்க்குக் குறையாமல், 2000 ரூபாய்க்கு மேற்படாமல் ஈட்டுத்தொகை கட்டவேண்டும். மாஜிஸ்திரேட் மனம் வைத்தால் விலக்களிக்கலாம். ஆட்சேபத்திற்குரியது அச்சாயிற்று என்று அரசாங்கம் கருதினால் ஈட்டுத்தொகை பறிபோகும். ஒரு பைசா இதழ் கணக்கில் 500 ரூபாய் என்றால் 32,000 படிகள். இச்சட்டம் சுதேசி இயக்கத்தாரை அடக்க வந்தது என்று வரலாற்று நூல்கள் எழுதும், அது மெய்யே. ஆனால் பணக்காரச் சுதேசியால் கட்டக்கூடிய தொகையை ஏழை எவனாலும் கட்ட இயலாது என்பதை அந்நூல்கள் எழுதுவதில்லை. அரசாங்கத்தின் தடை ஒரு புறம், முதல் இல்லாமை என்னும் தடை மறு புறம் என இரண்டிற்கும் இடையே நெருக்குண்டவை நம் இதழ்கள்.

மூன்றாவது தடை ஒன்றும் உண்டு. 1920 சனவரி 31-ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ என்னும் மராத்தி இதழைப் பம்பாயில் தொடங்கினார். ஊமையரின் தலைவன் என்பது அப்பெயரின் பொருள். அதற்குக் கோலாப்பூர் மன்னர் சாகு மகராசர் 2500 ரூபாய் உதவினார். இதழ் வரப்போகும் செய்தியை விளம்பரமாக வெளியிடுமாறு, திலகர் தொடங்கிய ‘கேசரி’ பத்திரிகைக்குப் பணத்துடன் கேட்டபோது அது மறுத்துவிட்டது. இம்மறுப்பில் எந்தச் சட்டமும் மீறப்படவில்லை என்பதை நினைவிற் கொள்க. பத்திரிகை உடையவருக்கு வெளியிடவும் உரிமையுண்டு, வெளியிடாமல் இருக்கவும் உரிமையுண்டு. அமெரிக்க நாட்டில் நீக்ரோ மக்கள் 1827-ஆம் ஆண்டிலேயே ‘ஃப்ரீடம்ஸ் ஜர்னல்’ என்று சொந்தப் பத்திரிகை தொடங்கியதற்கும் காரணம் இதுவே. பிறர் நெடுங்காலம் தம் பொருட்டுப் பேசிவிட்டனர், இனித் தம் வழக்கைத் தாமே பேசவேண்டும் என்பதே அவர்தம் வேட்கை.

நாடு விடுதலை பெற்று, 1950 சனவரி 26 முதல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. அதன் 19-ஆவது பிரிவு பேச்சுரிமையையும் கருத்துரிமையையும் அடிப்படை உரிமையாக்கிற்று. அவ்வுரிமையின் முதற் பெரிய வழக்கே சென்னை மாகாணத்தின்மீது வந்தது. பம்பாயில் ரொமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ வார இதழ் சென்னை மாகாணத்துள் நுழையலாகாது என்று 1949-ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டத்தைக் கொண்டு தடை விதித்திருந்தனர். 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் அத்தடையைச் செல்லாதென்று தள்ளியது. மறு ஆண்டு இன்னொரு சென்னை வழக்கு, செண்பகம் துரைராஜன் வழக்கு. கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பகிர்ந்தளித்த சென்னை அரசாணை செல்லாது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவ்விரு தீர்ப்புகளுக்கும் விடையாக 1951 சூன் மாதம் வந்ததே அரசியலமைப்பின் முதல் திருத்தம். பேச்சுரிமைக்குப் பொது ஒழுங்கு முதலிய புதிய வரம்புகளை அது இட்டது. அதே திருத்தம் 15-ஆவது பிரிவில் நான்காம் உட்பிரிவைச் சேர்த்து, பிற்பட்ட வகுப்பினர்க்கும் பட்டியல் இனத்தார்க்கும் கல்வியில் தனி ஏற்பாடு செய்ய வழி திறந்தது. வாயைச் சற்றுக் கட்டிய கை பள்ளிக் கதவையும் திறந்துவிட்டது. சட்ட அமைச்சராக இருந்த அண்ணல் அம்பேத்கர் இத்திருத்தத்தை ஆதரித்துப் பேசினார். ‘முதல் திருத்தம் சுதந்திரத்தைக் குறைத்தது’ என்று மட்டும் பேசுவோரிடம், இச்சங்கத்தின் உதவியால் கல்லூரி சென்ற நம் பிள்ளைகள் மறு பக்கத்தையும் எடுத்துக் கூறவேண்டும். ‘திறந்தது’ என்று மட்டும் கூறி நம்மவர் அமைதியடைவதும் முழு வரலாறு ஆகாது.

இதற்குப்பின் பத்திரிகை உடைமை பற்றிய நீண்ட வழக்காடல் தொடங்குகிறது. நீதிபதி இராஜாத்யக்ஷா தலைமையில் 1952-இல் அமைந்த முதற் பத்திரிகைக் குழு, பெருமுதலாளிகள் மலிவு விலையில் அதிகப் பக்கங்களைக் கொடுத்துச் சிறு பத்திரிகைகளை விழுங்குவதைக் கண்டது. விலைக்கேற்ற பக்கம் என்று ஒரு வரம்பு வைக்கப் பரிந்துரைத்தது. 1956-இல் அதற்குச் சட்டமும் வந்தது. பூனாவின் ‘சகால்’ நாளிதழ் வழக்குத் தொடுக்க, 1961-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைத் தள்ளிவிட்டது. எத்தனை பக்கம், என்ன விலை, எத்தனை பேர்க்கு என்பதும் பேச்சுரிமையின் பகுதியே என்பது தீர்ப்பு. சட்ட நுணுக்கத்தில் அது சரியாக இருக்கலாம். அரசாங்கம் பக்கத்தை எண்ணத் தொடங்கினால் நாளை எழுத்தையும் எண்ணும் என்னும் அச்சத்தில் உண்மையும் உண்டு. எனினும் நம் பார்வையில் அத்தீர்ப்பில் ஒரு குறை தெரிகிறது. பேசுபவனின் உரிமையை அது அளந்தது. பேச இடமில்லாதவனின் உரிமையை அளக்கவில்லை. 1972-இல் காகித ஒதுக்கீடு பற்றிய பென்னட் கோல்மன் வழக்கிலும் பெரும்பான்மைத் தீர்ப்பு அவ்வழியே சென்றது. நீதிபதி கே.கே. மாத்யூ ஒருவரே மாறுபட்டு, பத்திரிகைகள் ஒரு சிலர் கையில் குவிவதனால் கருத்துரிமைக்கு வரும் கேட்டை எடுத்துக்காட்டினார். அவர் தலைமையில் நிறைவுற்ற இரண்டாம் பத்திரிகைக் குழுவின் அறிக்கை 1982-இல் வந்தது. பத்திரிகை நடத்துவோரைப் பிற தொழில் முதலீடுகளிலிருந்து பிரிக்க வேண்டும் என்று அது கூறிற்று. 2014 ஆகஸ்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமும், அரசியல் கட்சிகள் ஊடகம் வைத்திருத்தலைத் தடுக்கவும், ஒரே நிறுவனம் நாளிதழையும் தொலைக்காட்சியையும் குவித்துக்கொள்வதை வரையறுக்கவும் பரிந்துரைத்தது. இப்பரிந்துரைகள் சட்டமாகவில்லை. வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியைத் திருப்பினால் எந்த அலைவரிசை எந்தக் கட்சியினது என்று நம் வீட்டுச் சிறுவனும் சொல்வான், விளக்கம் வேண்டுவதில்லை.

உடைமை ஒரு பக்கம் குவிந்தால் எழுதுவோர் கூட்டமும் அவ்வாறே குவியும். 1996-இல் பி.என். உனியால் என்னும் பத்திரிகையாளர், தில்லியில் அரசின் அங்கீகாரம் பெற்ற செய்தியாளர் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு அதில் ஒரு தலித்தைத் தேடினார். ஒருவரும் கிடைக்கவில்லை. அதைத் தம் கட்டுரையில் வெளிப்படையாக எழுதினார். அதற்கு இரண்டாண்டுகட்கு முன்னர்த்தான், 1994 அக்டோபர் 10-ஆம் நாள், நம் மாவட்டத்துக் காரணைப் பஞ்சமி நிலப் போராட்டத்தின்போது செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் துறந்தனர். டிரெமென்ஹீர் அறிக்கைக்கு நூறாண்டு கழிந்த பின்பும் அதே நிலம், அதே மாவட்டம். நம் செய்தியை நாடெங்கும் கொண்டுசெல்லும் செய்தியாளர் அவையில் நம்மவர் இல்லாத காலம் அது.

அப்படியாயின் பேச்சுரிமைச் சட்டம் நமக்கு வேண்டாத ஒன்றா? அவ்வாறு கருதுவது பெரும் பிழையாகும். இங்கு இரண்டு வழக்குகளைக் கூறுவோம். இட ஒதுக்கீட்டைக் குறை கூறி ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்றொரு தமிழ்த் திரைப்படம் எடுக்கப்பட்டது. அதன் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கிற்று. 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதனை மீண்டும் அளித்தது. எதிர்ப்பார் கலகம் செய்வர் என்று காட்டி ஒருவர் கருத்தை அடக்கலாகாது, அமைதி காப்பது அரசின் கடமை என்றது. அப்படம் கூறிய கருத்து நமக்கு உடன்பாடன்று. கல்வி மறுக்கப்பட்டோர் வரலாறே அதில் இல்லை. ஆயினும் அத்தீர்ப்பு நமக்கே கவசம். ஊர்த்தெருவில் அண்ணல் படத்துடன் ஊர்வலம் வந்தால் கலவரம் வரும் என்று கூறித் தடுக்க முற்படுவோர்க்கு எதிராக, அதே தீர்ப்பை எடுத்துக்காட்டுவதற்கு நமக்கு முழு உரிமையுண்டு.

மற்றது நம் செங்கல்பட்டுச் சிறையிலிருந்து எழுந்தது. கொலை வழக்கில் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் அச்சிறையில் இருந்தபோது தன் வரலாற்றை எழுதினான். அதிகாரிகள் சிலருக்கும் தன் குற்றங்களில் தொடர்புண்டு என்று அதில் கூறியிருந்தான். ‘நக்கீரன்’ வார இதழ் அதை வெளியிட முற்பட்டபோது சிறைத்துறை எச்சரிக்கை விடுத்தது. 1994 அக்டோபர் 7-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், தம்மீது அவதூறு வரும் என்று அஞ்சி அதிகாரிகள் வெளியீட்டை முன்கூட்டித் தடுக்க முடியாது, வெளிவந்த பின் வழக்குத் தொடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது. எழுதியவன் நல்லவனா என்பதன்று அங்கே எழுந்த கேள்வி. காவல் நிலையத்திலும் சிறையிலும் நம்மவர் படும் துன்பங்களை நாளை எவரேனும் எழுதினால், அதனை அச்சேறுமுன் நிறுத்த அதிகாரிகட்கு இடமில்லை என்பதை இத்தீர்ப்பு உறுதி செய்தது.

1995-இல் அதே நீதிமன்றம் வான்அலைகள் பொதுமக்கள் சொத்து என்று கூறிற்று. அதன் பயனாகச் சமுதாய வானொலிகள் பிறந்தன. 2004-இல் அண்ணா பல்கலைக்கழகம் முதலாவதாகத் தொடங்கிற்று. 2008-இல் தெலுங்கானாப் பகுதியில் தலித் பெண்கள் தாமே நடத்தும் ‘சங்கம்’ வானொலி தோன்றியது. விதை, மருந்து, பாட்டு என அவர்கள் பேச்சிலேயே நிகழ்ச்சிகள் நடக்கின்றன. ஆனால் சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப விதி இடந்தருவதில்லை. ஆகாசவாணிச் செய்தியை அப்படியே எடுத்துச் சொல்லலாம். ஊர்க் கிணற்றுச் செய்தியை ஊரார் தம் வானொலியில் சொல்லக்கூடாது என்பது விந்தையிலும் விந்தை.

இறுதியாக, காத்து வைத்தல் பற்றிச் சில சொற்கள். ‘தமிழன்’ இதழின் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் அவர்கள் தேடித் தொகுத்து, 1999-இல் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ என வெளியிட்டபின்பே தமிழுலகம் பண்டிதரை அறிந்தது. எண்பத்தைந்து ஆண்டுகள் அவர் எழுத்து, பழைய பெட்டிகளிலும் பரண்களிலும் உறங்கிற்று. ‘பறையன்’ இதழ் கூறிய பலவற்றை இன்று அறிய உதவுவது யாதெனில், வெள்ளையர் அரசாங்கம் சுதேசப் பத்திரிகைகளைக் கண்காணிக்க வேண்டித் தன் மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு எடுத்த ஆங்கிலச் சுருக்கங்களே. வேவு பார்க்க எழுதியது எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. நாம் அச்சிட்டதை நாம் வைத்திருக்கவில்லை.

1867-ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கி, 2023-இல் இயற்றிய புதிய பத்திரிகைப் பதிவுச் சட்டம் 2024 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது. 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியாகும் நூல் ஒவ்வொன்றின் படியையும் வெளியிட்ட முப்பது நாட்களுக்குள், வெளியிடுவோர் தம் செலவிலேயே, கல்கத்தா தேசிய நூலகத்திற்கும் சென்னை கன்னிமரா நூலகத்திற்கும் பம்பாய், தில்லி நூலகங்கட்கும் அனுப்பவேண்டும். சிற்றமைப்புகளின் மலர்கள் பெரும்பாலும் அனுப்பப்படுவதில்லை. இம்மலரை அனுப்புவதற்கான தபால் செலவை விழாக் கணக்கில் சேர்க்குமாறு விழாக் குழுவினரிடம் கேட்டிருக்கிறோம். சங்கம் தொடங்கிய நாள் முதல் வந்த துண்டறிக்கை, ஆண்டறிக்கை, அழைப்பிதழ் எவையேனும் உறுப்பினர் இல்லங்களில் இருப்பின், பழைய காகிதக் கடைக்குப் போடாமல் சங்கச் செயலாளரிடம் சேர்ப்பிக்க வேண்டுகிறோம். கிழிந்திருந்தாலும் தாழ்வில்லை.